எதிரி கேட்டாலும் நிற்கும் திட்டம்

பகலில் எல்லாரும் ஓட்டுப் போட்டு ஒருவரை வெளியேற்றுவார்கள், இரவில் மறைந்திருக்கும் மாஃபியா ஒருவரைக் கொல்லும்: இதுதான் மாஃபியா ஆட்டம். அதில் நாலு பேர் மிஞ்சியிருக்கிறார்கள். ஒருவர் மாஃபியா, மூவர் ஊர்க்காரர்கள். யார் மாஃபியா என்பது ஊர்க்காரர்களுக்குத் தெரியாது, துப்பும் இல்லை. பகல் பொழுது. யாரையாவது வெளியேற்ற ஓட்டுப் போடலாம், போடாமலும் விடலாம். பெரும்பாலும் போட்டுவிடுவார்கள். சும்மா இருந்தால் தோற்றுவிடுவோம் என்ற பதற்றம் அப்படி.

கணக்கு வேறு மாதிரி. குத்துமதிப்பாக ஓட்டுப் போட்டால் மாஃபியா சிக்க நாலில் ஒரு வாய்ப்பு. குறி தப்பினால் மூவர் மிச்சம். இரவில் ஒருவர் சாக, இருவர். ஓட்டு சமமாகிவிடும், வெற்றி மாஃபியாவுக்கு. ஓட்டே போடாமல் பகலைக் கடத்தினால் இரவில் ஒருவர்தான் போவார். மறுநாள் மூவரில் ஒருவரைத் தேடினால் போதும். 25 சதவீதமாக இருந்த வாய்ப்பு 33 ஆகிறது.

இந்த யோசனையின் பெரிய பலம், இதைச் சபையில் உரக்கச் சொல்லலாம் என்பது. மாஃபியாவும் கேட்டுக்கொண்டுதான் இருக்கும். கேட்டு என்ன பயன்? மூன்று ஓட்டுக்கு எதிராக ஒரு ஓட்டை வைத்துக்கொண்டு அதைக் கெடுக்க முடியாது. ஆள் கண்டுபிடிக்கும் ஆட்டங்களில் எந்த வியூகக் கோட்பாட்டையும் நான் உரசிப் பார்க்கும் கல் இதுதான்: எதிரி கேட்ட பிறகும் அந்தத் திட்டம் நிற்கிறதா?

மந்திராலோசனை மண்டபம் இல்லாத ஊர்

1986-ல் மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தில் திமித்ரி தவிதோஃப் உருவாக்கிய ஆட்டம் மாஃபியா. 1997-ல் ஆண்ட்ரூ பிளாட்கின் அதற்கு ஓநாய் மனிதன் வேடம் கட்டினார். 2018-ல் வெளியான 'அமங் அஸ்' 2020 ஊரடங்கில் வீட்டுக்கு வீடு நுழைந்தது. வேடம் எதுவானாலும் கரு ஒன்றே: விஷயம் தெரிந்த சிலருக்கும் எதுவும் தெரியாத பலருக்கும் நடக்கும் மோதல்.

சதுரங்கத்திலும் கபடியிலும் நம் ஆள் யார் என்ற சந்தேகமே எழாது. போர்க்கலை நூல்களும் அந்த நிச்சயத்தின் மேல் எழுந்தவை. மந்திராலோசனை வெளியே கசியக்கூடாது என்று கௌடில்யர் அர்த்தசாஸ்திரத்தில் தனியாகவே வகுத்துச் சொல்கிறார். மாஃபியாவுக்கு அது அப்படியே பொருந்தும். அதற்கு இரவு உண்டு, ரகசியக் கூட்டம் உண்டு, தன் ஆள் யார் என்ற தெளிவும் உண்டு. ஊருக்கு எதுவும் கிடையாது. அது போடும் ஒவ்வொரு திட்டமும் எதிரியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு போடும் திட்டம். ஆக, பழைய வியூக நூல்கள் இந்த ஆட்டத்தில் பாதிப் பேருக்குக்கூடப் பயன்படாது. சிறுபான்மையாக இருக்கும் மாஃபியாவுக்கு மட்டுமே அவை பயன்படும்.

குலுக்கல் சொல்லும் பாடம்

கணித அறிஞர்கள் பிரேவர்மன், எடெசாமி, மொசெல் மூவரும் மாஃபியா ஆட்டத்தை ஆராய்ந்து 2008-ல் வெளியிட்ட கட்டுரை இங்கே முக்கியம். இரவில் ஒருவரின் உண்மை அடையாளத்தை அறியும் துப்பறிவாளர் இல்லாத ஆட்டத்தில், எல்லாரும் பிழையில்லாமல் ஆடினால், யாரை வெளியேற்றுவது என்று தீர்மானிக்க ஊருக்குச் சிறந்த வழி நேர்மையான குலுக்கல்தான் என்று அவர்கள் காட்டினார்கள். அந்த நிலையில் மிகச் சிறிய மாஃபியாகூடச் சமமாக மோத முடியும் என்பது இன்னொரு அதிர்ச்சி: கூட்டம் நான்கு மடங்கானால் மாஃபியா இரண்டு மடங்கானால் போதும். ஒரு துப்பறிவாளரைச் சேர்த்தால் தராசு ஊர்ப்பக்கம் சாய்கிறது. அப்போது மாஃபியா ஈடுகொடுக்க, மொத்தத்தில் ஒரு நிலையான பங்கு ஆட்கள் அதற்கு வேண்டும்.

குலுக்கல் என் உரைகல்லில் முழு மதிப்பெண் வாங்குகிறது. எதிரிக்குத் தெரிந்தாலும் குலுக்கலை வளைக்க முடியாது. ஆனால் பலன் குறைவு. ஏழு பேர், அதில் இருவர் மாஃபியா என்று வைத்துக்கொண்டு குலுக்கலிலேயே ஆடிப் பார்த்தால் ஊர் வெல்லும் வாய்ப்பு 35-ல் 8, அதாவது 23 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே. கோட்பாடு தரும் அடித்தளம் அவ்வளவுதான். அதற்கு மேல் ஏற வேண்டுமானால் பேச வேண்டும். பேச ஆரம்பித்தாலோ மாஃபியாவும் பேசும்.

முகம் படிக்கும் மயக்கம்

பேச்சு வந்ததும் பெரும்பாலோர் முகத்தைப் படிக்கத் தொடங்குகிறார்கள். கண் தாழ்ந்தது, குரல் நடுங்கியது, வழக்கத்துக்கு மாறாக அமைதி என்று காரணங்கள் குவியும். பொய்யைக் கண்டறியும் மனிதத் திறன் பற்றிய நூற்றுக்கணக்கான சோதனைகளைப் பாண்ட், டிபாலோ இருவரும் 2006-ல் தொகுத்தார்கள். சராசரித் துல்லியம் 54 சதவீதம். நாணயம் சுண்டினால் 50. அந்த நாலு சதவீதத்தை நம்பி ஒரு மனிதரை வெளியே அனுப்புகிறோம்.

2025-ல் பிபிசி ஒளிபரப்பிய பிரபலங்களின் 'டிரெய்ட்டர்ஸ்' போட்டி இதற்குக் கண்முன் சாட்சி. நம் நாட்டில் கரண் ஜோஹர் நடத்திய அதே ஆட்டத்தின் பிரிட்டிஷ் வடிவம். மாஃபியாவின் இடத்தில் துரோகிகள், ஊரின் இடத்தில் விசுவாசிகள். துரோகிகள் மூவர்: ஆலன் கார், ஜொனாதன் ராஸ், கேட் பர்ன்ஸ். ரக்பி வீரர் ஜோ மார்லர் அங்கே ஒரு பொதுக் கோட்பாட்டை முன்வைத்தார். நிகழ்ச்சி நடத்துபவர்கள் பெரிய தலைகளையே துரோகிகளாக்குவார்கள் என்பது அதன் சாரம். அது ராஸையும் ஸ்டீபன் ஃப்ரையையும் சுட்டியது. ராஸ் துரோகி. ஃப்ரை விசுவாசி. இருவரும் வெளியேற்றப்பட்டார்கள். இறுதிச் சுற்றில் மார்லரையே கூட்டாளிகள் சந்தேகப்பட்டு அனுப்பினார்கள். வெற்றி ஆலன் காருக்கு.

பாதி சரியாகச் சொன்ன கோட்பாட்டைக் குறை கூறலாமா? கூறத்தான் வேண்டும். 'துரோகி இப்படித்தான் இருப்பான்' என்று சபையில் அறிவித்த நொடியில், அப்படி இல்லாத துரோகிக்கு இலவசக் கேடயம் கிடைத்துவிடுகிறது. 'அமைதியாக இருப்பவன்தான் மாஃபியா' என்றால் அடுத்த ஆட்டத்தில் மாஃபியா வாயாடியாகிவிடும். குணத்தைச் சொல்லும் கோட்பாடு எல்லாமே இப்படித்தான் உதிரும்.

பொய் சிக்கினால் கட்டாயம் வெளியேற்றுவோம் என்ற பழைய விதி இவற்றோடு சேராது. அது யாரையும் அடையாளம் காட்டுவதில்லை, பொய்யின் விலையை ஏற்றுகிறது. எதிரி கேட்கக் கேட்க அதற்கு வலு கூடும். ஊர்க்காரர்களும் தந்திரத்துக்காகப் பொய் சொல்ல முடியாமல் போவது மட்டுமே அதன் குறை.

ஓட்டு விட்டுச் செல்லும் தடம்

கெட்டவர்கள் மறைந்திருக்க, குழு அமைத்துப் பயணம் அனுப்பும் 'அவலான்' இதே வகை ஆட்டம். 2019-ல் அதற்காக உருவாக்கிய 'டீப்ரோல்' என்ற கணினி நிரலை ஐந்து பேர் ஆடும் இணைய மேசைகளில் இறக்கிவிட்டார்கள். அது யார் முகத்தையும் பார்க்கவில்லை, ஒரு சொல்லும் பேசவில்லை. யார் யாரைக் குழுவில் சேர்த்தார், யார் எந்தக் குழுவுக்குச் சம்மதித்தார், எந்தப் பயணம் தோற்றது என்ற பதிவுகளை வைத்தே கணக்குப் போட்டது. நல்லவர் அணியிலும் கெட்டவர் அணியிலும் மனித ஆட்டக்காரர்களைவிட அது சிறப்பாக ஆடியது.

எனக்கு இதுதான் தீர்ப்பு. வார்த்தைக்கு விலை இல்லை, ஓட்டுக்கு விலை உண்டு. ஊர் ஓட்டெடுக்கும் ஒவ்வொரு பகலும் மாஃபியாவும் ஒரு பக்கம் சாய்ந்தே ஆக வேண்டும். தன் ஆளைக் காப்பாற்றினால் தடம் விழும், கைவிட்டால் ஆள் போய்விடும். 'ஓட்டுகளைக் குறித்து வைக்கிறேன்' என்று முகத்துக்கு நேராகச் சொன்னாலும் இந்தச் சங்கடத்திலிருந்து அது தப்ப முடியாது. ஒரு மாஃபியா வெளிப்பட்டதும் முந்தைய பகல்களைப் புரட்டுங்கள்: அவரைக் காக்கக் கை தூக்கியவர் யார், அவர் விழுவது உறுதியான பிறகு ஓடி வந்து சேர்ந்தவர் யார்?

விதிப் புத்தகத்தை முதலில் படிக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். மாஃபியாவில் எதிரியைச் சீக்கிரம் பிடிப்பது லாபம். 'டிரெய்ட்டர்ஸ்' ஆட்டத்தில் துரோகிகள் குறைந்தால் புதியவரைச் சேர்த்துக்கொள்ள வழி உண்டு. கடைசியில் ஒரு துரோகி மிஞ்சினாலும் பரிசு அவருக்கே. அங்கே அடையாளம் தெரிந்த துரோகியை அவசரப்பட்டு அனுப்பினால், அடையாளம் தெரியாத ஒருவர் அந்த இடத்துக்கு வரலாம். தெரிந்தவரைக் கடைசிவரை கண்பார்வையில் வைத்திருப்பதே கெட்டிக்காரத்தனம். இரண்டும் பார்வைக்கு ஒரே ஆட்டம், லாபக் கணக்கு நேர் எதிர்.

பொதுக் கோட்பாடு இந்த ஆட்டங்களில் செல்லுமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: எண்ணிக்கையையும் விலையையும் பேசும் கோட்பாடு செல்லும், ஆளின் சாயலைப் பேசும் கோட்பாடு செல்லாது. முகம் பார்த்துத் தீர்ப்பு எழுதும் பழக்கம் ஆட்டத்தை மட்டும் கெடுப்பதில்லை. கூச்ச சுபாவம் உள்ளவரும் புதிதாக வந்தவரும் திக்கிப் பேசுபவரும்தான் ஒவ்வொரு முறையும் முதல் பலியாகிறார்கள். ஓட்டுப் பதிவைக் கையில் எடுக்கும் மேசையில் அவர்களுக்கும் நியாயம் கிடைக்கும், ஊரும் கூடுதலாக ஜெயிக்கும்.