தார்: அந்தச் சின்ன கியர் ராடு

மழை விட்டு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்துக்குள் இறங்கும் மண்பாதை சேறாகக் குழம்பிக் கிடந்தது. நடுவே டிராக்டர் சக்கரங்கள் கிழித்த பள்ளம். மஹிந்திரா தாரை நிறுத்தி, நியூட்ரலுக்கு வந்து, பெரிய கியர் ராடுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன ராடை, நான்கு சக்கரமும் மெதுவாக, அதிக விசையோடு இயங்கும் ‘ஃபோர் லோ’வுக்கு மாற்றினேன். இறுக்கமாகத்தான் இருந்தது, ‘டக்’கென்று விழுந்தது.

முதல் கியரில் கிளட்ச்சை விட்டதும், ஆக்சிலரேட்டரில் கால் வைக்காமலே வண்டி நடைவேகத்தில் இறங்கியது. எஞ்சினே பிடித்துக்கொண்டதால் பிரேக்குக்கு வேலை வரவில்லை.

திரும்பி ஏறும்போதுதான் சோதனை. பள்ளத்தைக் குறுக்காகக் கடக்கையில் பின்பக்க இடது சக்கரம் தரையை விட்டுத் தூக்கிக்கொண்டது. சாதாரண டிஃபரன்ஷியல் இந்த நேரத்தில்தான் காலை வாரிவிடும். பிடிமானம் இல்லாத சக்கரம் சும்மா சுற்றும். தரையில் ஊன்றி நிற்கும் சக்கரத்துக்கு விசை போகாது. நான் ஓட்டிய 2.2 லிட்டர் டீசல் வண்டியின் பின் அச்சில் மெக்கானிக்கல் லாக்கர் உண்டு. ஒரு சக்கரம் மற்றதைவிட மிக வேகமாகச் சுற்றினால் இரண்டையும் தானாகவே சேர்த்துப் பூட்டிவிடும். அழுத்த எந்த பட்டனும் இல்லை. சக்கரம் ஒரு கணம் வெறுமனே சுற்றியது, அடியில் ‘தட்’டென்று ஒரு சத்தம், வண்டி மேலே வந்துவிட்டது. அந்தச் சத்தம் கேட்டபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

செங்கல்பட்டுக்கு அருகே மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில் இருக்கும் ஆராய்ச்சி மையத்தில் இந்த வண்டியை உருவாக்கிய பொறியாளர்களை இங்கேதான் மெச்ச வேண்டும். 2020 அக்டோபர் 2 அன்று விற்பனைக்கு வந்த இந்தத் தலைமுறையில் தொடுதிரை வந்தது, ஆட்டோமேட்டிக் கியர் வந்தது. பழைய தாரில் முதுகை ஒடித்த பின்பக்க லீஃப் ஸ்பிரிங் போய் காயில் ஸ்பிரிங் வந்தது. ஆனால் ஏணிச் சட்டம், பின்னால் ஒற்றைக் கட்டை அச்சு, லோ கியர் மூன்றையும் விடவில்லை. தரை இடைவெளி 226 மி.மீ.; 650 மி.மீ. ஆழத் தண்ணீரில் இறங்கலாம். அதே ஆண்டு குளோபல் என்கேப் மோதல் சோதனையில் 4 நட்சத்திரமும் வாங்கியது. காட்டு வண்டி என்றால் பாதுகாப்பு குறைவு என்ற பழைய நினைப்பை மாற்றியது, என் கணக்கில், தொடுதிரையைவிடப் பெரிய காரியம்.

குறை இல்லாமல் இல்லை. மூன்று கதவுதான். பின்னால் உட்கார முன் சீட்டை மடக்கி ஏற வேண்டும், வயதானவர்களால் ஆகாது. நான்கு பேர் உட்கார்ந்தால் பெட்டி வைக்க இடமில்லை. மேடுபள்ளமான நெடுஞ்சாலையில் பின்பக்கம் குலுங்கும். குடும்ப வண்டி வேண்டும் என்பவர்கள் 2024இல் வந்த ஐந்து கதவு தார் ராக்ஸைப் பார்ப்பதே சரி.

இன்னொன்று. 2023இல் பின்சக்கரம் மட்டும் இயங்கும் தாரும் வந்தது. விலை குறைவு, தோற்றத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. ஊருக்குள் ஓட்ட அது போதும். சேற்றுக்கும் பாறைக்கும் போதாது. மலைத்தோட்டத்துக்கோ ஆற்றுப்படுகைக்கோ தினமும் போகிறவராக இருந்தால், பணம் கட்டுவதற்கு முன் உள்ளே ஏறிப் பாருங்கள்: அந்தச் சின்ன ராடு இருக்கிறதா? எல்லா மாடலிலும் மெக்கானிக்கல் லாக்கர் கிடையாது. நீங்கள் எடுக்கும் மாடலில் உண்டா என்று கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.