கூலிவில்லையும் அளவுகோலும்: அட்டகாமா ஆவணங்களை மொழிபெயர்த்தல்

சிலி நாட்டின் வடபகுதியிலுள்ள அட்டகாமாப் பாலைவனத்தில் நைட்ரேட் சுரங்கத் தொழில் விட்டுச்சென்ற ஆவணங்கள் ஸ்பானிய மொழியில் அமைந்தவை. அகராதியை மட்டும் நம்பி இவற்றைப் பெயர்ப்போர் முதற்சொல்லிலேயே இடறுவர். 'ஒஃபிசினா' என்பதற்கு அகராதிப் பொருள் அலுவலகம். பாலைவன வழக்கிலோ அது ஆலை, குடியிருப்பு, கடை ஆகிய யாவும் அடங்கிய ஒரு குடியேற்றம். மக்கள் அங்கே பிறந்தனர், மணந்தனர், மாண்டனர். அம்பர்ஸ்டோன், சாந்தா லௌரா என்னும் இரண்டையும் யுனெஸ்கோ 2005இல் உலக மரபுச் சின்னங்களாக அறிவித்தபோது, ஸ்பானியப் பெயரில் 'ஒஃபிசினா' நின்றது. ஆங்கிலப் பெயர் 'ஆலை' என்ற அளவில் சுருங்கியது. குடியிருப்பு மறைந்துவிட்டது.

'சாலித்ரே'யை வெடியுப்பு எனல் தமிழில் எளிது, ஆனால் பிழை. வெடியுப்பு பொட்டாசியம் நைட்ரேட். அட்டகாமாவில் கிடைத்தது சோடியம் நைட்ரேட், பெரும்பாலும் உரமாகச் சென்றது. அதன் தாதுவாகிய 'கலிச்சே' பிறநாட்டுப் புவியியல் நூல்களில் சுண்ணாம்புப் படிவைக் குறிக்கும் என்பதும் நோக்கத்தக்கது.

தொழிலாளரைத் திரட்டிவந்த 'எங்காஞ்சதோர்' என்பவனைக் கங்காணி எனப் பெயர்க்கத் தோன்றும். கங்காணி ஆள்சேர்த்ததோடு தோட்டத்தில் வேலையும் வாங்கியவன். எங்காஞ்சதோர் ஆட்களைச் சேர்த்து அனுப்பும் தரகன்; 'ஆள்பிடி தரகன்' என்பது பொருந்தும்.

பெருஞ்சிக்கல் 'ஃபிச்சா'வில் உள்ளது. முதலாளிகள் கூலியாகத் தந்த இவ்வில்லை, அவரவர் ஒஃபிசினாவின் கடையிலேயே செல்லுபடியாகும். வெளியே மாற்றினால் மதிப்புக் குறையும். 1907 திசம்பரில் இக்கிக்கே நகரில் திரண்ட தொழிலாளர், வில்லையை முழு மதிப்பில் ஏற்க வேண்டுமெனக் கோரினர். 21ஆம் நாள் சாந்தா மரியா பள்ளியில் படையினர் அவர்களைச் சுட்டனர். இறந்தோர் தொகை இன்றும் சர்ச்சைக்குரியது. 'ஃபிச்சா'வை நாணயம் என்றால் இக்கோரிக்கையே விளங்காது. நாணயத்தை அதன் மதிப்பில் ஏற்குமாறு எவரும் போராடுவதில்லை. 'டோக்கன்' தமிழருக்கு வரிசையையும் ரேஷன் கடையையும் நினைவூட்டும். 'கூலிவில்லை' எனப் பெயர்த்து முதலிடத்தில் விளக்கம் தருவதே தகும்.

அதே மனு, கடைக்கு வெளியே ஒரு தராசும் ஒரு 'வாரா'வும் வைக்கக் கேட்டது. வாங்கிய பொருளைத் தொழிலாளர் தாமே சரிபார்க்க வேண்டும் என்பது நோக்கம். வாரா நீட்டலளவையின் பெயராயினும் இங்கே அது துணி அளக்கும் கோல். 'கெஜக்கோல்' என்பது வழக்கில் உள்ள இனிய சொல்தான். எனினும் வாரா கெஜத்தினும் ஏறத்தாழ 8 செ.மீ. குறைவு. குறைத்து அளந்ததே வழக்காக உள்ள வாசகத்தில் 'அளவுகோல்' என்னும் பொதுச்சொல்லே ஏற்றது.