வாத்தியாரும் மானநட்டமும்

யாழ்ப்பாணத்தை அடுத்த நயினாதீவிலே ஓர் ஆசிரியரைப்பற்றி எழுந்த பழிச்சொல், குறிகட்டுவானுக்குப் புறப்படும் முதல் வள்ளத்திலேயே கடல் கடந்துவிடும். அவருடைய மறுப்போ கடைசி வள்ளத்துக்கும் வந்து சேராது. அரசாங்க வேதனம் பெறுகின்ற காரணத்தால் ஆசிரியரைப் பொது அதிகாரியாகக் கொண்டு, பொய்ப்பழிக்கு நட்டஈடு கேட்கும் அவருடைய உரிமையைச் சுருக்குதல் நியாயந்தானா என்னும் வினாவை இத்தகைய சிறுதீவில் நின்று நோக்குவதே உசிதம்.

பொது அதிகாரியின் அவ்வுரிமையைச் சுருக்கும் விதியின் பிறப்பிடம் ஐக்கிய அமெரிக்கா. உத்தியோக நடத்தையைப்பற்றிய கூற்று பொய்யென்று காட்டினால் மட்டும் போதாது, பொய்யென அறிந்தோ மெய்பொய்யைச் சிறிதும் பொருட்படுத்தாமலோ அது சொல்லப்பட்டதென்றும் அதிகாரி நிரூபிக்கவேண்டும் என்று 1964இல் சலிவன் வழக்கிலே அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்த்தது. இந்திய உச்ச நீதிமன்றமும் 1994இல், ‘நக்கீரன்’ இதழாசிரியர் ராஜகோபால் வழக்கில், ஏறக்குறைய அவ்வழியே சென்றது. ஆனால் சலிவன் காவற்றுறையை மேற்பார்வை செய்த நகர ஆணையாளர். கரும்பலகைக்கு முன் நிற்பவரும் அவரும் ஓரினமா? அமெரிக்காவின் மெயின் மாநில நீதிமன்றம் 1986இல் அன்று என்றது; கனெக்ரிக்கட் 1992இல் ஆம் என்றது.

ஆம் என்போர் பக்கத்து நியாயம் அற்பமன்று. பிள்ளையை நாள்முழுதும் ஒருவர் கையில் ஒப்படைத்த பெற்றோர், அவர் பிரம்பைப்பற்றி வாய்திறக்குமுன் நாளைக்குப் பிள்ளை என்ன படுமோ என்று அஞ்சுகின்றனர். வழக்குப் பயமும் சேர்ந்தால் அவ்வாய் என்றைக்கும் திறவாது.

ஆயினும், அதிகாரியின் பாதுகாப்பைக் குறைப்பதற்கு 1974இல் கேர்ட்ஸ் என்னும் அமெரிக்க வழக்கிலே சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று, மறுத்துரைக்க அவருக்குப் பத்திரிகை முதலிய சாதனங்கள் எளிதிற் கிட்டும் என்பது. இலங்கையிலோ, ஆசிரியர் முதலாக, அரச சேவை விதிகளாகிய தாபனக் கோவைக்கு உட்பட்ட உத்தியோகத்தர் அனுமதியின்றிக் கடமைபற்றிய விடயங்களைப் பத்திரிகைகளுக்குச் சொல்லலாகாது. வாயைக் கட்டிவைத்து, பதில் சொல்ல வசதியுண்டே என்பது என்ன தர்க்கமோ! மானநட்டத்தைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டப் பிரிவும் 2002இல் நீங்கிவிட, உரோம-டச்சுச் சட்டவழி வந்த குடியியல் வழக்கே ஆசிரியருக்குப் பிரதான ஆதாரமாய் எஞ்சியது.

யாழ்ப்பாணத்தார் ‘பெட்டிசம்’ எழுதுவதிலே சமர்த்தர். கையொப்பமிட்டு வலயக் கல்விப் பணிமனைக்கு அனுப்பும் முறைப்பாட்டுக்கு, கெடுநோக்கு இல்லாதவிடத்து, இப்போதைய சட்டமே காப்பளிக்கின்றது. பெற்றோருக்கு வேண்டியது அதுவே. மொட்டைப் பெட்டிசம் எழுதி ஊரெங்கும் பரப்புபவனுக்கும் அமெரிக்கக் கவசத்தை அணிவிக்கவேண்டிய அவசியம் யாதுமில்லை. பாடசாலைப் பணத்தையும் அநுமதியையும் ஆளுகின்ற அதிபரை வேண்டுமானால் பொது அதிகாரியென்க. வகுப்பாசிரியரை அவ்வரிசையில் நிறுத்துதல் தவறு.