மிச்சப் பணத்தில் மானிட்டர்: செட்டிநாட்டு ஸ்டுடியோக்களின் கணினித் தேர்வு

ஒளிப்படத் திருத்தத்துக்கான மேசைக் கணினியை ஒரே நிறுவனத்தின் பெயரில் ஆயத்தமாக வாங்காமல், ப்ராசசர், மதர்போர்டு, ராம், எஸ்எஸ்டி, கிராபிக்ஸ் கார்டு, எஸ்எம்பிஎஸ், கேபினட் என்று ஒவ்வோர் உறுப்பையும் தனித்தனியே தேர்ந்து பூட்டிக்கொள்வது தமிழகத்துச் சிற்றூர் ஸ்டுடியோக்களில் வேரூன்றிவிட்ட வழக்கம். சென்னை ரிச்சி தெருவிலிருந்தோ மதுரை, திருச்சிக் கடைகளிலிருந்தோ உறுப்புகளை வரவழைத்து ‘சிஸ்டம் அசெம்பிள்’ செய்யும் இவ்வழக்கத்தைப் பிள்ளையார்பட்டியையும் அதைச் சூழ்ந்த குன்றக்குடி, திருப்பத்தூர், காரைக்குடிப் பகுதியையும் முன்வைத்து மதிப்பிடுவது பொருத்தமானது. ஏனெனில் இங்கே எடுக்கப்படும் படங்களின் இயல்பே எந்த உறுப்புக்கு எவ்வளவு பணம் ஒதுக்கவேண்டும் என்பதைப் பெருமளவு முடிவுசெய்துவிடுகிறது. அந்த இயல்பைக் கருதாமல் உறுப்புகளைத் தேர்வதுதான் இவ்வழக்கத்தின் தலையாய குறை.

குன்றைக் குடைந்த கருவறையில் கற்பக விநாயகரைக் கொண்டிருக்கும் பிள்ளையார்பட்டி, நகரத்தார் சமூகத்தின் கோயில்கள் ஒன்பதில் ஒன்று. அச்சமூகத்தின் திருமணங்களும் மணிவிழாக்களும் நடைபெறும் பழைய வீடுகளில், வானம் பார்த்த முற்றத்தில் நண்பகல் வெயில் நேராக விழ, அதைச் சுற்றிய வளவிலும் தூண்களுக்கு அப்பாலுள்ள அறைகளிலும் அரையிருள் தங்கியிருக்கும். தாலி கட்டும் ‘திருப்பூட்டும்’ வேளையில் மணமகளின் அரக்குப் பட்டும், கழுத்திரு என்னும் தாலி அணியின் நுணுக்கமான பொன்வேலையும், சுண்ணாம்புச் சுவரின் வெண்மையும், பின்னால் நிழலில் நிற்கும் உறவினர்களின் முகங்களும் ஒரே படத்துக்குள் அடங்கவேண்டும். ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிநிலைகளை மட்டுமே வைத்திருக்கும் ஜேபெக் கோப்பில் இந்த நிழலை உயர்த்தினால் முகம் திட்டுத்திட்டாகப் பிசிறிவிடும். கேமராவின் உணரி பதிந்த தகவலை 8 பிட்டாகக் குறைக்காமல் தரும் ரா கோப்போ, 14 பிட் ஆழத்தில் 16,384 படிநிலைகளைத் தருவதால், வெயிலையும் நிழலையும் ஒருங்கே மீட்டெடுக்க இடந்தருகிறது. ஆகவே இப்பகுதி ஸ்டுடியோவின் கணினி ரா கோப்புகளை ஆயிரக்கணக்கில் கையாளும் கணினியாகவும், இருண்ட நிறங்களைப் பிழையின்றிக் காட்டும் கணினியாகவும் இருந்தாகவேண்டும்.

அசெம்பிள் செய்யும் வழக்கத்துக்கு உரிய பெருமையை முதலில் கொடுத்துவிடவேண்டும். வேலைக்கேற்ப உறுப்பைக் கூட்டவும் குறைக்கவும் அது தரும் உரிமை வேறெந்த வழியிலும் கிடைப்பதில்லை. மின்சாரம் வழங்கும் எஸ்எம்பிஎஸ் பழுதானால் அதை மட்டும் கழற்றி அன்று மாலைக்குள் மாற்றிவிடலாம் என்பது, முகூர்த்த மாதங்களில் ஒரு நாள் வேலை நின்றாலே ஆல்பம் தள்ளிப்போகும் தொழிலில் மிகப் பெரிய நன்மை. 2024-ல் வெளிவந்த ஆப்பிள் மேக் மினி போன்ற சிறு கணினிகள் குறைந்த மின்சாரத்தில் வியக்கத்தக்க வேகம் தருகின்றன என்பது உண்மையே. ஆனால் வாங்கிய நாளில் இருந்த நினைவகத்தைப் பின்னர் கூட்ட அவற்றில் வழியே இல்லை. மூன்றாண்டு கழித்துக் கேமரா 24 மெகாபிக்சலிலிருந்து 45 மெகாபிக்சலுக்கு மாறும்போது, அசெம்பிள் கணினிக்கு இரண்டு ராம் குச்சிகள் போதும், மூடிய கணினிக்குப் புதிய கணினியே வேண்டும்.

இத்தனை நன்மைகளும் பயன்படாமல் போவது உறுப்புப் பட்டியல் தயாராகும் முறையால். கடைகளில் எளிதாகக் கிடைக்கும் பட்டியல்கள் பெரும்பாலும் கணினி விளையாட்டுக்காரர்களை மனத்தில் வைத்து உருவானவை. அவற்றில் பட்ஜெட்டின் பெரும்பங்கு கிராபிக்ஸ் கார்டுக்குப் போகிறது. முப்பரிமாணக் காட்சியை நொடிக்கு நூறு முறை வரையவேண்டிய விளையாட்டுக்கு அது நியாயமான செலவு. ஒரு படத்தின் வெளிச்சத்தையும் நிறத்தையும் திருத்துவதில் அந்தக் கார்டின் பெரும்பகுதி சும்மா கிடக்கும். இவ்விடத்தில் ஒரு திருத்தம் தேவை: 2023 ஏப்ரலில் அடோபியின் ஒளிப்படத் திருத்த மென்பொருளான லைட்ரூம் கிளாசிக்கில், இருட்டில் எடுத்த படங்களில் தோன்றும் ‘நாய்ஸ்’ எனப்படும் புள்ளிக் கசடைச் செயற்கை நுண்ணறிவால் நீக்கும் வசதி சேர்க்கப்பட்டது. அது முழுக்கக் கிராபிக்ஸ் கார்டைச் சார்ந்தது. வளவின் அரையிருளில் எடுத்த நூறு படங்களை அதில் இட்டால், நடுத்தரக் கார்டுக்கும் மிகப் பழைய கார்டுக்கும் இடையிலான வேறுபாடு நிமிடங்களுக்கும் மணிநேரங்களுக்கும் இடையிலான வேறுபாடாகிவிடும். எனவே கார்டே வேண்டாம் என்ற பழைய அறிவுரை இன்று செல்லாது. எட்டு ஜிபி நினைவகம் கொண்ட நடுத்தரக் கார்டு போதும், அதற்கு மேல் செல்லும் ஒவ்வொரு ரூபாயும் வேறோர் உறுப்பிடமிருந்து பறிக்கப்படுகிறது என்பதே சரியான நிலை. 2022 செப்டம்பரில் எத்திரியம் என்னும் மின்னாணயம் தன் கணக்கீட்டு முறையை மாற்றிக்கொண்ட பின், அந்நாணயத்தை ஈட்ட இரவுபகலாக ஓடிய கார்டுகள் மலிவு விலையில் சந்தைக்கு வந்தன. அவற்றின் வரலாறு தெரியாமல் வாங்குவது அறிவுடைமை ஆகாது.

ராம் எவ்வளவு வேண்டும் என்பதை ஊகிக்கத் தேவையில்லை, கணக்கிட்டுவிடலாம். திருமண ஆல்பத்தின் ஒரு விரிப்பு வழக்கமாக 12-க்கு 36 அங்குலம். அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்று வைத்தால் 3,600-க்கு 10,800, அதாவது ஏறத்தாழ 3 கோடியே 89 லட்சம் புள்ளிகள். புள்ளிக்கு மூன்று பைட் என்ற 8 பிட் கணக்கில் ஒரே அடுக்கு 117 எம்பி பிடிக்கும். 16 பிட்டில் அது இரட்டிக்கும். பின்னணி, எல்லைக்கோடு, ஐந்தாறு படங்கள், நிழல், எழுத்து என்று போட்டோஷாப்பில் இருபது முழு அடுக்குகளை ஏற்றினால், 8 பிட்டிலேயே இரண்டு ஜிபிக்கு மேல் போய்விடுகிறது. செய்த மாற்றங்களைத் திரும்பப் பெறுவதற்காக மென்பொருள் வைத்திருக்கும் முந்தைய நிலைகள் இதைப் பல மடங்காக்கும். அடோபி பரிந்துரைக்கும் 16 ஜிபி ஒற்றைப் படத் திருத்தத்துக்குச் சரி. ஆல்பம் வடிவமைப்புக்கு 32 ஜிபியே பொருத்தமான தொடக்கம். அதையும் ஒரே குச்சியாக அல்லாமல் இரண்டு 16 ஜிபி குச்சிகளாகப் போட்டால், ப்ராசசருக்கும் நினைவகத்துக்கும் இடையே இரண்டு தடங்கள் திறக்கும். ப்ராசசரைப் பொறுத்தவரை, போட்டோஷாப்பின் பெரும்பாலான வேலைகள் சில கோர்களின் வேகத்தையே நம்பியிருப்பதால், கோர்களின் எண்ணிக்கையைப் பார்த்து மேல்நிலை ப்ராசசருக்குத் தாவுவது வீண்.

இனி மானிட்டர். பட்டியலில் கடைசி வரியாக, எஞ்சிய பணத்துக்குக் கிடைப்பது என்ற அளவில் அது வாங்கப்படுகிறது. திருத்துபவர் நாள் முழுதும் நம்பியிருக்கும் ஒரே சாட்சி அதுதான் என்பதை எண்ணினால் இது வருந்தத்தக்கது. மலிவான டிஎன் வகைப் பலகையில் தலையைச் சற்று உயர்த்தினாலோ தாழ்த்தினாலோ நிழல்களின் தோற்றம் மாறும். விஏ வகையில் நேராகப் பார்க்கும்போது இருண்ட நிறங்கள் ஒன்றோடொன்று கலக்கும். அரக்குப் பட்டுக்கும் பழுப்புப் பட்டுக்கும் உள்ள வேறுபாடு துலங்கவேண்டிய இடமே அந்த இருண்ட பகுதிதான். கோணம் மாறினாலும் நிறம் அதிகம் மாறாத ஐபிஎஸ் வகையை விட்டு வேறெதையும் ஒளிப்படத்துக்குப் பரிந்துரைக்க முடியாது. நிறப்பரப்பு, அதாவது திரை காட்டக்கூடிய நிறங்களின் எல்லை, பற்றிய குழப்பமும் தீரவேண்டும். 1998-ல் வந்த அடோபி ஆர்ஜிபி என்னும் எல்லை, பொதுவழக்கான எஸ்ஆர்ஜிபியைவிட விரிந்தது என்பதால் பட்டுப் புடவைக்கு அது உதவும் என்று பலர் நம்புகின்றனர். ஆனால் இரண்டின் சிவப்பு முனையும் ஒன்றே. அடோபி ஆர்ஜிபி விரிந்தது பச்சை, நீலப்பச்சைப் பக்கத்தில். சிவப்பு நீண்டிருப்பது திரைப்படத் துறைக்காக உருவான பி3 எல்லையில். கண்டாங்கிச் சேலையின் சிவப்பையும் கூறைப் பட்டையும் திருத்துபவருக்குப் பி3 பரப்பைப் பெருமளவு காட்டும் திரையே கைகொடுக்கும். ஆயினும் ஆல்பத்தை அச்சிடும் கலர் லேப்கள் பெரும்பாலும் எஸ்ஆர்ஜிபி கோப்பையே கேட்பதால், அனுப்பும் முன் அவ்வெல்லைக்குள் மாற்றிப் பார்த்துக்கொள்வது இன்றியமையாதது.

திரையின் ஒளியளவு பற்றிய கவனமின்மை இதைவிடப் பெரிய சேதம் விளைவிக்கிறது. புதிய மானிட்டர் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் சதுர மீட்டருக்கு 250 கேண்டலா அளவில் கண்ணைக் கூசச் செய்யும். தாளில் அச்சாகும் படத்துக்கு ஒப்பான ஒளி 80 முதல் 120 கேண்டலா வரைதான். கூசும் திரையில் அழகாகத் தெரிந்த முகம் ஆல்பத்தில் கறுத்து வருவதற்கும், ‘லேப் இருட்டாகப் போட்டுவிட்டது’ என்ற புகாருக்கும் பெரும்பாலும் இதுவே காரணம். இந்தப் புகார் வந்தபின் அடுத்த ஆல்பத்தின் படங்களையெல்லாம் கண்ணளவில் வெளுக்கச் செய்வதும் நடக்கிறது. அதனால் தோல்நிறம் தன் இயல்பை இழக்கிறது, கறுத்த முகங்கள் சுண்ணாம்பு பூசியவைபோல் ஆகின்றன. மனிதரின் நிறத்தை இப்படி மாற்றிவிடுவது வெறும் தொழில்நுட்பக் குறை என்று ஒதுக்கத்தக்கதன்று.

சேமிப்பில் வேகமும் பாதுகாப்பும் வெவ்வேறு. இயங்குதளமும் நடப்பு வேலையும், ராம் நிறைந்ததும் போட்டோஷாப் தற்காலிகமாக எழுதிவைக்கும் ‘ஸ்கிராட்ச்’ இடமும் என்விஎம்இ வகை எஸ்எஸ்டியில் இருக்கவேண்டும். நொடிக்கு 150 எம்பி அளவில் படிக்கும் ஹார்ட் டிஸ்க் முடிந்த வேலைகளை அடுக்கிவைக்கப் போதும். ஒரு திருமணத்தின் 3,000 ரா கோப்புகள் கோப்புக்கு 30 எம்பி என்று கொண்டால் 90 ஜிபி. மலேசியாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்து கூடிய குடும்பம் மறுபடி அப்படிக் கூடப்போவதில்லை என்பதால், இரண்டு டிஸ்க்குகளில் ஒவ்வொரு பிரதியும் ஸ்டுடியோவுக்கு வெளியே இன்னொரு பிரதியும் வைப்பதைச் செலவு என்று கருதக்கூடாது. அசெம்பிள் பட்டியலில் இதற்கு வரியே இருப்பதில்லை.

மின்சாரமும் இப்பகுதியில் கருதவேண்டிய நிபந்தனை. 2012-ல் சென்னைக்கு வெளியே நாளொன்றுக்குப் பல மணி நேரம் மின்வெட்டு நீடித்த காலம் கடந்துவிட்டாலும், மழைக்காலத்து மின்தடையும் அழுத்த ஏற்ற இறக்கமும் தொடர்கின்றன. மலிவான யுபிஎஸ் பேட்டரியில் ஓடும்போது படிக்கட்டு வடிவ அலையைத் தருகிறது. ஆக்டிவ் பிஎஃப்சி என்னும் மின்சீரமைப்பைக் கொண்ட தரமான எஸ்எம்பிஎஸ்களில் சில அந்த அலையை ஏற்காமல் அந்நொடியே அணைந்துவிடும். நல்ல எஸ்எம்பிஎஸும் யுபிஎஸும் தனித்தனியே வாங்கப்பட்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாத இந்நிலை அசெம்பிள் முறைக்கே உரிய ஆபத்து. சைன் அலை யுபிஎஸ் வாங்குவதே தீர்வு.

பொறுப்பும் இவ்வாறே சிதறிக்கிடக்கிறது. ஒவ்வோர் உறுப்புக்கும் தனி வாரண்டி உண்டு. முழுக் கணினிக்கு யாரும் பொறுப்பில்லை. இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை மேசைக் கணினி ப்ராசசர்கள் சில, அதிக மின்னழுத்தத்தால் நிலைகுலைந்தபோது, 2024-ல் அந்நிறுவனம் பெட்டியில் விற்ற ப்ராசசர்களுக்கு வாரண்டியை மூன்றிலிருந்து ஐந்தாண்டாக நீட்டியது. பெட்டியில்லாமல் ‘டிரே’யாக வாங்கியவர் விற்ற கடையைத்தான் நாடவேண்டியிருந்தது. சில நூறு ரூபாய் மிச்சத்துக்காக டிரே ப்ராசசரையும் பில் இல்லாத உறுப்பையும் ஏற்பவர்கள் இதைக் கருதவேண்டும்.

திரையின் நிறத்தை அளந்து சீராக்கும் கலர் கேலிப்ரேட்டர், தனி ஸ்டுடியோவுக்குச் சுமையான விலையில் இருப்பதால் எந்தப் பட்டியலிலும் இடம்பெறுவதில்லை. மாதத்துக்கு ஒருமுறை அரை மணி நேரம் மட்டுமே தேவைப்படும் கருவி அது. பிள்ளையார்பட்டிக்கும் காரைக்குடிக்கும் இடைப்பட்ட ஸ்டுடியோக்களில் ஐந்தாறு சேர்ந்து ஒன்றை வாங்கி முறைவைத்துப் பயன்படுத்தினால் ஒவ்வொருவருக்கும் வரும் பங்கு சிறிதே. அதோடு, தாங்கள் வழக்கமாக அனுப்பும் கலர் லேபிடமிருந்து தோல்நிறமும் அரக்கும் பொன்னும் அடங்கிய ஒரே சோதனைப் படத்தை அச்சிட்டுப் பெற்று, அளந்து சீராக்கிய திரையின் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டபின், அடுத்த கிராபிக்ஸ் கார்டு தேவையா என்பதை முடிவுசெய்யலாம்.