குறையின்றி நடக்கும் குடும்பம்: தி. ஜானகிராமனின் இரு புனைவுகளில் பதின்பருவத்தின் சுமை

ஆய்வுச்சுருக்கம்

குடும்பச் செயற்பாட்டுக்கும் பதின்பருவத்தினரின் மனநலத்துக்கும் உள்ள தொடர்பை உளவியலார் வினாநிரல்கள் வழி அளந்து வருகின்றனர். குடும்பம் நன்கு செயற்படுகிறது என்று கருதும் பிள்ளைகளிடம் மனச்சோர்வும் பதற்றமும் குறைவாகக் காணப்படுகின்றன என்பது அவ்வாய்வுகளின் பொதுமுடிவு. குடும்பம் தடையின்றி நடப்பதற்காகவே ஒரு பிள்ளை சுமை ஏற்க நேரும்போது இம்முடிவு எவ்வளவு பொருந்தும் என்னும் வினாவைத் தி. ஜானகிராமனின் ‘அம்மா வந்தாள்’ நாவலையும் ‘முள்முடி’ சிறுகதையையும் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: குடும்பச் செயற்பாடு, பதின்பருவம், மனநலம், கடன், தி. ஜானகிராமன், காவிரிப் படுகை.

முன்னுரை

பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16ஆம் ஆண்டில் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் தேசிய மனநல ஆய்வை நடத்தியது. 13 முதல் 17 வயதுக்குட்பட்டோரில் ஏறத்தாழ 7.3 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு மனநலக் குறைபாடு இருப்பதை அது கண்டறிந்தது. இத்தகைய எண்கள் வெளிவரும்போதெல்லாம் குடும்பத்தின் மீதே முதலில் பார்வை விழுகிறது. போர்ச்சுகல் முதலிய நாடுகளில் பள்ளி மாணவரிடையே நடந்த ஆய்வுகளும் குடும்பத்தின் செயற்பாட்டையே மனநலத்தின் முதன்மைக் காரணிகளுள் ஒன்றாகக் கொள்கின்றன.

குடும்பச் செயற்பாட்டை அளப்பதற்குரிய கருவிகள் பல உள. அவற்றுள் சிறியதொன்று, அமெரிக்க மருத்துவர் ஸ்மில்க்ஸ்டீன் 1978இல் வெளியிட்ட ‘குடும்ப அப்கார்’ என்னும் ஐந்து வினா நிரல். துன்பம் வரும்போது குடும்பம் உதவுகிறதா, சிக்கல்களைக் கலந்து பேசுகிறதா, புதிய முயற்சிகளை ஏற்கிறதா, அன்பை வெளிப்படுத்துகிறதா, நேரத்தைப் பகிர்ந்துகொள்கிறதா என்பவற்றில் விடையளிப்பவருக்கு உள்ள மனநிறைவை அது கேட்கிறது. ஒவ்வொரு வினாவுக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண், மொத்தம் 10. 7 அல்லது அதற்கு மேல் பெறும் குடும்பம் நன்கு செயற்படும் குடும்பம் எனக் கொள்ளப்படும். ஆல்சனும் அவர்தம் குழுவினரும் 1979இல் முன்வைத்த வட்டமாதிரி, குடும்பத்தின் பிணைப்பையும் நெகிழ்வையும் இரு அச்சுகளாகக் கொள்கிறது. பிணைப்பு குறைந்தாலும் மிகுந்தாலும் தீங்கே என்பது அதன் கொள்கை.

இக்கருவிகளின் பயனை இக்கட்டுரை மறுக்கவில்லை. குடிகாரத் தந்தையின் வன்முறைக்கிடையே வளரும் பிள்ளைகளைக் காட்டும் யூமா. வாசுகியின் ‘ரத்த உறவு’ போன்ற புனைவின் வீட்டை எந்த அளவுகோலும் எளிதில் அடையாளம் கண்டுகொள்ளும். அங்கே குடும்பம் உடைந்திருப்பது வெளிப்படை. உடைப்பே தெரியாத வீட்டில் வளரும் பிள்ளையின் நிலை என்ன என்பதே இங்கு எழுப்பப்படும் வினா. அதற்கு விடை தேட ஜானகிராமன் பொருத்தமானவர். மன்னார்குடி வட்டாரத்துத் தேவங்குடியில் 1921இல் பிறந்த அவர், பள்ளி ஆசிரியராகவும் பின்னர் வானொலியின் கல்வி ஒலிபரப்பிலும் பணியாற்றியவர். பிள்ளைகளைப் பெரியோர் எவ்வாறு நடத்துகின்றனர் என்பதை நெடுங்காலம் அருகிருந்து கண்டவர்.

அலங்காரத்தம்மாள் வீட்டின் அமைதி

1966இல் வெளிவந்த ‘அம்மா வந்தாள்’ நாவலைக் குறித்த திறனாய்வுகள் பெரும்பாலும் அலங்காரத்தம்மாளையே மையமாகக் கொண்டுள்ளன. கணவன் தண்டபாணி இருக்கச் செல்வந்தரான சிவசுவோடு அவள் கொண்ட உறவு, அவ்வுறவில் பிறந்த பிள்ளைகள், ஒழுக்கம் பற்றிய சர்ச்சை, தாய்மை என்னும் புனிதத்தின் குலைவு ஆகியனவே மீண்டும் மீண்டும் பேசப்பட்டன. அவளைப் பழித்தவர்களும் அவளுக்காக வாதிட்டவர்களும் அவளைப் பற்றியே பேசினர். தாயின் உறவுக்கான விலையைச் செலுத்த அனுப்பப்பட்ட பிள்ளையின் பக்கம் அதே அளவு கவனத்தைப் பெறவில்லை.

அப்பு சிறுவனாகக் காவிரிக்கரையில் பவானியம்மாள் நடத்தும் வேதபாடசாலைக்கு அனுப்பப்படுகிறான். பதினாறு ஆண்டுகள் அங்கே கற்கிறான். உலக நலவாழ்வு அமைப்பு 10 முதல் 19 வயது வரையிலான காலத்தைப் பதின்பருவம் என வரையறுக்கிறது. அப்பருவம் முழுவதும் அப்புவுக்கு அப்பாடசாலையிலேயே கழிகிறது. கல்வி முடித்து வீடு திரும்பும் தறுவாயில்தான் நாவல் தொடங்குகிறது. எனவே அவன் பதின்பருவத்தினன் அல்லன் என்னும் மறுப்பு எழலாம். அம்மறுப்பு சரியானதே. எனினும் அவனுடைய பதின்பருவம் நாவலில் தனியொரு காலமாக விரிவாகச் சொல்லப்படாமல், சில நினைவுகளாகச் சுருங்கிவிடுவதைக் கவனிக்க வேண்டும். வீட்டாரின் பேச்சிலும் அக்காலம் இல்லை. அது ஒரு பயிற்சிக்காலமாக மட்டுமே எண்ணப்படுகிறது. அதன் பயனுக்காகத் தாய் காத்திருக்கிறாள்.

அந்தக் காத்திருப்பின் காரணம் நாவலின் இறுதியில் வெளிப்படுகிறது. மகன் வேதம் கற்று மேன்மையுற்றால் அவன் முன் பணிந்து தன் பாவத்தைத் தீர்த்துக்கொள்ளலாம் என்று அவள் எண்ணியிருந்தாள். அப்பு கல்விக்காக அனுப்பப்பட்டான் என்பது உண்மை. ஆயினும் அக்கல்வி அவனுக்காக ஏற்பட்டதன்று. தாயின் கணக்கை நேர் செய்யும் பொறுப்பு, அவன் அறியாமலேயே, கேட்கப்படாமலேயே, அவன் மீது வைக்கப்பட்டது.

இவ்வீட்டைக் குடும்ப அப்காரின் ஐந்து வினாக்களால் அளந்தால் என்ன கிடைக்கும்? வீட்டில் கூச்சல் இல்லை; அடி இல்லை; பிள்ளைகள் பசியறியார். தண்டபாணி அறிந்தே இருக்கிறார். அறிந்தும் வாய் திறப்பதில்லை. அவருடைய மௌனமே வீட்டைத் தாங்கும் தூண். பாடசாலையில் இருந்த அப்புவிடம் அவனுடைய பதினைந்தாம் வயதில் இவ்வினாக்களைக் கேட்டிருந்தால், அம்மாவைத் தெய்வமாக எண்ணியிருந்த அவன் முழு மதிப்பெண்ணும் அளித்திருக்கக் கூடும். அவனுடைய விடை பொய்யாகாது. அவன் அறிந்த அளவில் அது உண்மை. அளவுகோல் பிழையற்றுச் செயற்பட்டிருக்கும். ஆனால் அவன் மீதிருந்த சுமையின் ஒரு துளியும் அதில் பதிவாகியிருக்காது.

ஆல்சனின் மாதிரி பிணைப்பின் மிகையையும் தீங்கெனக் கொள்வதால் அது இக்குறையைத் தவிர்த்துவிடும் எனலாம். ஆனால் அப்புவுக்கும் வீட்டுக்கும் இடையில் மிகைநெருக்கம் இல்லை. பதினாறு ஆண்டுத் தொலைவே உண்டு. தொலைவில் இருந்தும் பிணைக்கப்பட்ட பிள்ளையை அவ்வச்சில் எங்கே நிறுத்துவது என்பது எளிதில் தீரும் வினா அன்று.

கடன் என்னும் சொல்

இந்நிலையை விளக்கக் குடும்ப உளவியலிலேயே வேறொரு மரபு உண்டு. போசோர்மெனி-நாஜும் ஜெரால்டின் ஸ்பார்க்கும் 1973இல் எழுதிய நூலில், குடும்ப உறுப்பினரிடையே கண்ணுக்குப் புலப்படாத விசுவாசங்களும் தலைமுறை தாண்டும் ஒரு கணக்கேடும் உண்டு என்றனர். பெற்றோர் தீர்க்காத கணக்கு பிள்ளையின் பெயரில் எழுதப்படுகிறது. பிள்ளை பெற்றோருக்கே பெற்றோராக ஆக்கப்படுகிறது. மகன் காலில் விழத் தாய் காத்திருக்கும் ‘அம்மா வந்தாள்’ இந்நிலைக்கு நேரான எடுத்துக்காட்டு.

தமிழில் இதனைச் சொல்ல அயற்சொல் வேண்டியதில்லை. ‘கடன்’ என்னும் சொல் கடமையையும் திருப்பித் தர வேண்டிய பொருளையும் ஒருங்கே குறிக்கும். புறநானூற்றின் 312ஆம் பாடலில் பொன்முடியார் தாய்க்கும் தந்தைக்கும் கொல்லனுக்கும் வேந்தனுக்கும் உரிய கடன்களை வகுத்து, முடிவில் இளைஞனுக்கும் ஒரு கடன் வகுக்கிறார். அப்பாடலில் ஒவ்வொருவரும் அவனுக்கு ஒன்றைத் தருகின்றனர். தந்தவற்றுக்கு ஈடாக அவன் தன்னையே போர்க்களத்தில் வைக்கிறான். அப்புவின் நிலையில் இவ்வொழுங்கு தலைகீழாகிறது. தாய் தனக்கு உரிய கடனைத் தான் தீர்க்க இயலாமல் மகனிடம் ஒப்படைக்கிறாள். கடமை என்ற பெயரில் மகன் ஏற்பது பிறர் பட்ட கடன். தமிழ்ச் சமூகத்தில் பதின்பருவத்தினரின் மனநலத்தை ஆராய்வோர் ‘அன்பு’, ‘பிணைப்பு’ ஆகியவற்றோடு ‘கடன்’ என்பதையும் ஓர் ஆய்வுக்கூறாகக் கொள்ள வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்து.

ஆசிரியரின் ஒற்றை அளவுகோல்

அளவுகோலுக்கும் பிள்ளைக்கும் இடையிலான இவ்விடைவெளியை ஜானகிராமன் வேறொரு களத்திலும் காட்டியுள்ளார். ‘முள்முடி’ சிறுகதையின் அனுகூலசாமி ஓய்வுபெறும் பள்ளி ஆசிரியர். தம் பணிக்காலம் முழுவதும் எந்த மாணவனையும் அடித்ததில்லை என்பது அவருக்குப் பெருமிதம். ஊரும் அதையே போற்றி வழியனுப்புகிறது. அன்றிரவு சின்னையன் என்னும் மாணவன் தாயோடு வருகிறான். அவன் புத்தகம் திருடியவன். அவனோடு எவரும் பேசலாகாது என்று ஆசிரியர் ஒருமுறை சொன்ன சொல்லை வகுப்பு ஏறத்தாழ ஓராண்டு காத்து வந்திருக்கிறது. ஆசிரியரோ அதை மறந்தே போனார். பிரிவுபசாரத்துக்குச் சேர்த்த பணத்தில் சின்னையனின் பங்கையும் மாணவர் ஏற்கவில்லை.

அனுகூலசாமி தம்மைத் தாமே ஒரே வினாவால் அளந்துகொண்டவர்: அடித்தேனா, இல்லையா? அவ்வினாவுக்கு அவர் தந்த விடை முற்றிலும் உண்மை. எனினும் அவ்வினா கேட்காத இடத்தில் ஒரு சிறுவன் ஓராண்டு முழுவதும் பேச்சற்று இருந்தான். வகுப்பு ஒழுங்காக நடந்தது; மாணவர் ஆசிரியர் சொல்லைத் தட்டவில்லை; எவருக்கும் தீய எண்ணம் இல்லை. அமைப்பு குறையின்றிச் செயற்பட்டதே அவனுடைய துன்பத்துக்குக் காரணமாயிற்று.

இரு கதைகளையும் ஒப்புநோக்கும்போது ஒரு வேறுபாடும் தெரிகிறது. அப்புவை அவனுடைய தாயே கணக்கில் வைக்கிறாள். சின்னையனின் தாய் மகனுக்காக இரவில் ஆசிரியரின் வாயிலுக்கு வருகிறாள். ஒரு கதையில் சுமை குடும்பத்துக்குள்ளிருந்து வருகிறது. மற்றதில் பள்ளி வைத்த சுமையைக் குடும்பம் இறக்க முற்படுகிறது. எனவே ஜானகிராமன் குடும்பத்தைக் குற்றவாளியாக்குகிறார் என்று சுருக்கிவிட இயலாது. சுமப்பவனிடம் யார் வந்து கேட்டார் என்பதே அவர் இரு கதைகளிலும் எழுப்பும் வினா.

எந்த வீடு குடும்பம்?

வினாநிரல் ‘உன் குடும்பம்’ என்று கேட்கும்போது அது ஒரே வீட்டைக் கருதுகிறது. அப்பு எந்த வீட்டை எண்ணி விடையளிப்பான்? உணவிட்டு வளர்த்தவள் பவானியம்மாள். தாயைப் பற்றிய உண்மையை முதலில் அவன் முகத்துக்கு நேரே சொன்னவள், அங்கேயே வளர்ந்த இந்து. அவ்வுண்மை அவனைக் கொதிக்கச் செய்தாலும், பிறந்த வீட்டில் எவரும் அவனிடம் பேசாததை அவள் பேசினாள். சென்னை சென்று வீட்டின் நிலையைக் கண்டபின் அவன் மீள்வதும் அங்கேதான். காசிக்குச் செல்லும் தாய் அவனைத் தேடி வந்து காணும்போது, அவள் எதிர்பார்த்த மகன் அங்கே இல்லை. தன் வாழ்வைத் தானே தெரிந்துகொண்ட ஒருவன் இருக்கிறான். தாயின் ஏமாற்றமும் மகனின் நலமும் ஒரே இடத்தில் நிகழ்கின்றன. குடும்பத்தின் நோக்கம் தோற்ற இடத்தில் பிள்ளை மீள்கிறான் என்று இம்முடிவை வாசிக்கலாம்.

இது கடந்தகாலத்துச் செய்தி மட்டுமன்று. வேதபாடசாலை அருகிவிட்ட இன்றும் காவிரிப் படுகையின் பிள்ளைகள் பலர் விடுதிப் பள்ளிகளிலும் தாத்தா பாட்டி வீடுகளிலும் மாமன் வீடுகளிலும் வளர்கின்றனர். தந்தையர் பலர் சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் உழைக்கின்றனர். ‘அப்பா உனக்காகத்தான் அங்கே கஷ்டப்படுகிறார்’ என்ற சொல்லைக் கேளாமல் வளரும் பிள்ளை அவ்வீடுகளில் அரிது. அது அன்பின் சொல். கடனை நினைவூட்டும் சொல்லும் அதுவே. அப்பிள்ளையிடம் வினாநிரலை நீட்டினால் தன் குடும்பத்தைப் பற்றி நல்லதையே எழுதும். அந்த நல்ல விடையை நலத்தின் சான்றாக மட்டுமே கொள்வது பிழையாகலாம்.

முடிவுரை

புனைவு தரவு ஆகாது; அப்புவும் சின்னையனும் ஆய்வின் மாதிரிக்கூறுகள் அல்லர். ஒரு நாவலைக் கொண்டு அளவுகோலைப் பொய்ப்பிக்க இயலாது. எனினும் அளவுகோல் கேட்க மறந்த வினாவைப் புனைவு சுட்டிக்காட்ட இயலும். ‘குடும்பம் உனக்கு உதவுகிறதா?’ என்பதோடு, ‘குடும்பத்துக்காக நீ எதைச் சுமக்கிறாய்? அதைப் பற்றி எவரேனும் உன்னிடம் பேசியதுண்டா?’ என்பனவும் காவிரிப் படுகையின் பள்ளிகளில் ஆய்வு செய்வோர் கேட்க வேண்டிய வினாக்கள். அவற்றைத் தரப்படுத்தி அளவுகோலாக்குவது உளவியலார் பணி. தமிழிலக்கியத் துறையினர் செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. ‘அம்மா வந்தாள்’ நாவலை வகுப்பில் கற்பிக்கும்போது அலங்காரத்தம்மாள் செய்தது சரியா தவறா என்ற வாதத்தோடு நிறுத்திவிடுகிறோம். நம் முன் அமர்ந்திருக்கும் மாணவரில் பலர் அப்புவின் வயதை அண்மையில் கடந்தவர்கள், அல்லது இன்னும் கடக்காதவர்கள். அவர்கள் முன் அவனுடைய பதினாறு ஆண்டுகளைப் பற்றியும் ஒருமுறை கேட்டால், நாவலின் மற்றொரு பாதி வகுப்பறையில் திறக்கும்.