இறங்கத் தெரிந்த விமானம்

பெரிய ஜெட் விமானங்களை ஓட்டி ஓய்வுபெற்றவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் மேகத்தையும் விடியலையும் பற்றிச் சொல்வார்கள். ட்வின் ஆட்டர் ஓட்டியவர்களின் பேச்சு சேற்றில் ஆரம்பிக்கும். ஆற்று நடுவே ஒரு மணல்திட்டு, சரளைக்கல் மேடு, கடற்கரை, உறைந்த ஏரி என்று தரையையே சுற்றிச் சுற்றி வருவார்கள். எவ்வளவு உயரத்தில் போனோம் என்பதில் அவர்களுக்கு அக்கறை இல்லை. எங்கே இறக்கினோம், இறக்கியதைத் திரும்ப எப்படிக் கிளப்பினோம் என்பதுதான் கதை. அந்த நினைவுகளைப் படிக்கப் படிக்க எனக்கு அந்த விமானத்தின் மேலேயே ஒரு கிறுக்குப் பிடித்துவிட்டது.

கனடாவின் டி ஹாவிலண்ட் நிறுவனம் டொராண்டோவில் செய்த விமானம் இது. 1965 மே 20 அன்று முதன்முதலாகப் பறந்தது. அதற்கு முன்பே ஆட்டர் என்ற ஒற்றை எஞ்சின் விமானம் இருந்தது. சாலையே இல்லாத வடபகுதிகளுக்கு ஆளையும் மூட்டை முடிச்சையும் ஏற்றிப் போனது. இருக்கிற ஒரு எஞ்சினும் நடுக்காட்டின் மேல் நின்றுபோனால் என்ன கதி என்பது எல்லா விமானிக்கும் தெரியும். ஆகவே அந்த உடலை நீட்டி, இறக்கைக்கு ஒன்றாக இரண்டு டர்பைன் எஞ்சின்களை மாட்டினார்கள். 19 பேர் உட்காரலாம். சக்கரம் உள்ளே மடங்காது. கேபினுக்குள் காற்றழுத்த ஏற்பாடு கிடையாது. மணிக்கு 300 கிலோமீட்டரைத் தொடுவதற்குள் மூச்சு வாங்கும். விற்பனையாளர் மார்தட்டிச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை.

அதன் பெருமை முழுவதும் மெதுவாகப் போவதில் இருக்கிறது. இறக்கையின் பின்விளிம்பில் உள்ள ஃபிளாப்புகள் இரண்டடுக்காகக் கீழே மடங்கும். விமானத்தை இடம் வலமாகச் சாய்க்கும் ஏலரான்கள் நுனியில் இருக்கின்றன; அவையும் கூடவே தாழ்ந்துகொள்ளும். ஆக, ஒரு நுனியிலிருந்து மறுநுனி வரை இறக்கை முழுவதுமே வளைந்து கொடுக்கிறது. மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில்கூட விமானம் விழாமல் நிற்கும். ஜெட் விமானம் தரைதொடும் வேகத்தில் இது பாதிகூட இல்லை. எதிர்காற்று பலமாக அடிக்கிற நாளில், கீழே நின்று பார்ப்பவருக்கு அது நகராமலே இறங்குவதாகத் தோன்றும்.

விமானி அறைக்குள் வாருங்கள். எஞ்சினை முடுக்கும் நெம்புகோல்கள் மற்ற விமானங்களில் இரு விமானிகளுக்கும் நடுவே, இடுப்பு மட்டத்தில் இருக்கும். இதில் அவை கூரையிலிருந்து தொங்குகின்றன. இறக்கையும் எஞ்சினும் மேலே இருப்பதால் கட்டுப்பாட்டுக் கம்பிகளுக்கு அதுதான் குறுக்கு வழி. நகரப் பேருந்தில் நின்றுகொண்டு போகிறவர் மேல்கம்பியைப் பற்றியிருப்பதுபோல விமானி ஒரு கையை உயர்த்தியே வைத்திருக்கிறார். கிளம்பும்போது தலைமை விமானியின் கை நெம்புகோலை முன்னே தள்ளும். துணை விமானியின் கை அதன் பின்னாலேயே வந்து, அது நழுவாமல் அணைகொடுக்கும். இரண்டு பேர் கை ஒன்றன்மேல் ஒன்றாகக் கூரையில் நிற்கிற அந்தச் சில நொடிகளை, பல வருஷம் சேர்ந்து பறந்தவர்கள் மறப்பதே இல்லை. இறங்கிய உடனே அதே நெம்புகோலின் பிடியைத் திருகிப் பின்னே இழுத்தால் புரொப்பெல்லரின் அலகுகள் கோணம் மாறிக் காற்றை முன்பக்கமாகத் தள்ளும். விமானம் உறுமிக்கொண்டு நிற்கும். பின்பக்கமாகவும் நகரும். இடமில்லாத ஊரில் திருப்பி நிறுத்துவதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

எஞ்சினைப் பற்றி ஒரு வார்த்தை. பிராட் அண்ட் விட்னி கனடாவின் பி.டி.6 வகை அது. காற்றைப் பின்புறத்தில் வாங்கி, புகையை முன்புறத்தில், புரொப்பெல்லருக்குப் பக்கத்தில் விடுகிறது. காற்றை அமுக்கும் பகுதிக்கும் புரொப்பெல்லரைச் சுழற்றும் பகுதிக்கும் இடையே இரும்புத் தொடர்பு இல்லை. நடுவே ஓடுவது சூடான வாயு மட்டும். அதனால் எஞ்சின் நிற்கும்போது புரொப்பெல்லரை விரலால் தள்ளினாலே சுழலும். ஸ்டார்ட் செய்யும்போது முதலில் ஒரு மெல்லிய சீழ்க்கை, கூடவே தீப்பொறி மூட்டுகிற டிக் டிக் சத்தம், பிறகு உள்ளே 'தொப்' என்று தீப்பற்றும். இருபது வருஷம் கழித்தும் பழைய விமானிகள் வாயாலேயே இதைச் செய்து காட்டுவார்கள்.

சக்கரத்தைக் கழற்றிவிட்டு மிதவை மாட்டலாம், பனிச்சறுக்குக் கட்டை மாட்டலாம், பருத்த டயர் மாட்டலாம். அந்தப் பருத்த டயரை வடதுருவப் பகுதிக்குப் பழக்கியவர்களில் ஒருவர் ரெசொலூட் பே என்ற ஊரிலிருந்து பறந்த வெல்டி ஃபிப்ஸ். அவருடைய ட்வின் ஆட்டரின் பதிவு எழுத்துகள் வானொலியில் 'விஸ்கி விஸ்கி பாப்பா' என்று ஒலிக்கும். 1971 ஏப்ரலில் மனைவி ஃபிரானையும் கூட்டிக்கொண்டு வடதுருவத்தில் போய் இறங்கினார். வடதுருவத்தில் கால்வைத்த முதல் பெண் ஃபிரான்தான். நடந்தோ நாய்வண்டியிலோ போகாமல், வீட்டுக்காரரோடு விமானத்தில் போய் அந்தப் பெயரை வாங்கியவர் என்பதில் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம்.

இந்த நினைவுகளில் நான் மறுபடி மறுபடி நின்று ரசிப்பது உறைந்த கடலில் இறங்கும் முறையை. மேலிருந்து பார்த்தால் வெள்ளை. பனி எத்தனை தடிமன் என்று சொல்ல ஆள் இல்லை, கருவியும் இல்லை. விமானி தாழ வந்து சறுக்குக்கட்டைகளைப் பனியில் பதிப்பார். ஆனால் நிற்க மாட்டார். எடையை இறக்கை தாங்கிக்கொண்டிருக்க, கொஞ்ச தூரம் இழுத்துக்கொண்டே ஓடி மறுபடி மேலே கிளம்பிவிடுவார். ஒரு வட்டம் போட்டு வந்து தன் தடத்தையே பார்ப்பார். இரண்டு கோடுகளும் வெள்ளையாகவே கிடந்தால் நல்லது. கோடு கறுத்துக்கொண்டு வந்தால் அடியில் தண்ணீர் கசிகிறது, அந்த இடம் ஆகாது. கண்ணால் படிக்க வேண்டியதைத் தானே எழுதிவிட்டு வந்து படிக்கிற வேலை இது. வெள்ளை மேல் வெள்ளையாக, தரை எங்கே என்றே தெரியாத நாளில் ஜன்னல் வழியாகக் கறுப்புப் பைகளையோ மரக்கிளைகளையோ முதலில் வீசுவார்கள். உயரத்தைக் கணிக்கக் கண்ணுக்கு ஒரு பிடி வேண்டுமல்லவா?

தண்ணீரிலும் இதே சிக்கல் உண்டு. மாலத்தீவில் ட்வின் ஆட்டர் கடல் விமானங்கள் 60-க்கு மேல் ஓடுகின்றன. உலகத்தில் வேறெங்கும் இத்தனை இல்லை. அலை அடிக்கிற நாளைவிட, கண்ணாடிபோல் அசையாமல் கிடக்கிற கடலே விமானிக்கு எதிரி. தண்ணீர் பத்தடி கீழே இருக்கிறதா நூறடி கீழே இருக்கிறதா என்று கண் சொல்லாது. அப்போது கரையோரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மூக்கைச் சற்றுத் தூக்கி, எஞ்சினைக் கொஞ்சம் ஓடவிட்டு, மிக மெல்ல இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும். தண்ணீர் தானாக வந்து மிதவையைத் தொடும் வரை பொறுமை. வெறுங்காலோடு ரட்டர் பெடலை மிதிக்கிற விமானிகளின் படங்களைப் பார்த்துப் பலர் சிரிக்கிறார்கள். நாளெல்லாம் ஈர மிதவையில் இறங்கி ஏறுகிறவர்களுக்கு ஷூ எதற்கு?

ஸ்காட்லாந்தின் பாரா தீவில் ஓடுதளமே கடற்கரைதான். கடல் ஏறினால் மூன்று ஓடுதளங்களும் தண்ணீருக்குள் போய்விடும். கிளாஸ்கோவிலிருந்து வரும் விமானத்தின் நேர அட்டவணை அலையைப் பார்த்து எழுதப்படுகிறது. நேபாளத்தின் லுக்லா இதற்கு நேர் எதிர். 2,845 மீட்டர் உயரத்தில், வெறும் 527 மீட்டர் நீளத்தில், கிட்டத்தட்ட 12 சதவீத ஏற்றமாக ஒரு ஓடுதளம். ஒரு முனையில் பள்ளத்தாக்கு, மறுமுனையில் மலைச்சுவர். மேட்டைப் பார்த்து இறங்கி, பள்ளத்தைப் பார்த்துக் கிளம்ப வேண்டும். 1964-ல் எட்மண்ட் ஹிலாரி முன்னின்று அமைத்த இடம். மண்ணைக் கெட்டிப்படுத்த ஷெர்பாக்களைச் சேர்ந்து ஆடவைத்த கதையும் அதற்கு உண்டு. அங்கே ஒருமுறை தாழ வந்துவிட்டால் திரும்பச் சுற்றி வர வழியில்லை. இந்த இடத்தில் ரசனையைக் கொஞ்சம் அடக்கிக்கொள்கிறேன். 2008 அக்டோபரில் லுக்லாவிலேயே ஒரு ட்வின் ஆட்டர் விழுந்து 18 பேர் இறந்தார்கள். 2022 மே மாதம் ஜோம்சோம் போகும் வழியில் இன்னொன்று, 22 பேர். மலையும் மேகமும் சேர்ந்துகொண்டால் எந்த இறக்கையும் உதவாது. நேபாள விமானிகளின் நினைவுகளில் பெருமைக்கு ஈடாக இழந்த நண்பர்களும் இருக்கிறார்கள்.

2001 ஏப்ரலில் தென்துருவ ஆய்வு நிலையத்தில் மருத்துவரே நோயில் விழுந்தார். சூரியன் அஸ்தமித்து ஒரு மாதமாகியிருந்தது. இனி பல மாத இருட்டு. பெரிய ஹெர்குலிஸ் விமானங்களுக்குத் தாங்காத குளிர். கால்கரியின் கென் போரெக் ஏர் நிறுவனத்திலிருந்து இரண்டு ட்வின் ஆட்டர்கள் அண்டார்க்டிகா வரை பறந்தன. ஒன்று ரொதேரா தளத்தில் துணைக்கு நின்றது. ஷான் லூட்டிட் தலைமையில் மற்றது சுமார் 10 மணி நேரம் பறந்து துருவத்தில் இறங்கியது. குளிர் மைனஸ் 60 டிகிரிக்கும் கீழே. ஓய்வெடுத்துவிட்டுக் கிளம்பும் நேரத்தில் சறுக்குக்கட்டைகள் பனியோடு ஒட்டிக்கொண்டிருந்தன. பெயர்த்து, குலுக்கி, கிளப்பி, மருத்துவரைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். 2016 ஜூனில், நட்ட நடுக் குளிர்காலத்தில், அதே நிறுவனம் அதே வகை விமானத்தில் போய் இரண்டு நோயாளிகளை அழைத்து வந்தது.

1988-ல் 844 விமானங்களோடு உற்பத்தி நின்றது. பழையவற்றையே செப்பனிட்டு ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் விடவில்லை. கனடாவின் வைக்கிங் ஏர் உரிமையை வாங்கி, 2008-ல் புது மாடலைப் பறக்கவிட்டது. எஞ்சின் பலம் கூடியது, கடிகாரமுள் மீட்டர்கள் போய்த் திரைகள் வந்தன. இறக்கையில் கைவைக்கவில்லை. சக்கரத்தை மடக்கி வேகத்தைக் கூட்டலாமே என்று யாருக்கும் ஆசை வந்திருக்கலாம்; அடக்கிக்கொண்டது அந்தப் பொறியாளர்கள் செய்த மிக நல்ல காரியம்.

மாலத்தீவுக்குப் போகிறவர்கள் வேகப்படகை விட்டுவிட்டுக் கடல் விமானத்தைக் கேட்டு வாங்குங்கள். இருக்கை எண் கிடையாது. முதல் ஆளாக ஏறி முன்வரிசையில் உட்கார்ந்தால் விமானி அறை முழுவதும் கண்ணுக்கு எதிரே இருக்கும். ஏறும்போது காதடைப்பான் கொடுப்பார்கள். மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள், சத்தம் அப்படி.