மோரிஸ் மைனருக்கு டிஸ்க் பிரேக் தேவையா?

மோரிஸ் மைனர்காரர்கள் கூடும் இடத்தில் பிரேக் பேச்சு எழுந்தால், முன்சக்கர டிரம்மைக் கழற்றி டிஸ்க் மாட்டியவர் சொல்வது ஒன்றுதான்: "வண்டியே வேறாகிவிட்டது." பொய்யில்லை. ஆனால் அவர் எதை எதோடு ஒப்பிடுகிறார்? கழற்றிப் போட்டது, லைனிங் தேய்ந்து பளபளத்து, டிரம் வட்டம் குலைந்து, வீல் சிலிண்டரில் ஆயில் கசிந்துகொண்டிருந்த பழைய பிரேக். மாட்டியது பெட்டி பிரித்த புது கிட். அந்தப் போட்டியில் எந்தப் புதுசும் ஜெயிக்கும்.

டிஸ்க்கின் பெயர் சும்மா வந்ததல்ல. 1953இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை ஜாகுவார் சி-டைப் வென்றதில் டன்லப் டிஸ்க் பிரேக்குக்குப் பெரும் பங்குண்டு. உச்ச வேகத்தில் வந்து வளைவுக்கு முன் அழுத்துவது, அடுத்த சுற்றில் மறுபடி அழுத்துவது என்றே ஓடும் பந்தயம் அது. அந்தச் சூட்டில் டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகும், லைனிங்கின் பிடியும் தளரும், பெடல் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். டிஸ்க் காற்றில் திறந்து சுழல்வதால் சீக்கிரம் ஆறிவிடும். நனைந்தாலும் தண்ணீரை உதறிவிடும்.

மைனரின் கதை வேறு. 1948இல் அது வந்தபோது 918 சிசி என்ஜின், மணிக்கு 100 கிலோமீட்டரை எட்டுவதே பெரும்பாடு. அதற்கு 7 அங்குல டிரம் போதுமானதாக இருந்தது. 1962இல் 1098 சிசி என்ஜின் வந்ததும் கம்பெனியே முன் டிரம்மை 8 அங்குலமாக்கியது. பழைய மைனர் வைத்திருப்பவருக்கு இந்த 8 அங்குல டிரம்மை மாட்டிக்கொள்ளும் நடுவழி இருக்கிறது. ஏனோ கிட் மோகத்தில் அதை யாரும் பேசுவதில்லை.

டிஸ்க் மாட்டினால் இழப்பதும் உண்டு. மைனரின் முன்சக்கரத்தில் இரண்டு ஷூவையும் டிரம்மின் சுழற்சியே இன்னும் இறுக்கிக்கொடுக்கும். அதனால் காலுக்குப் பாரம் குறைவு. டிஸ்க்கில் இந்த உதவி கிடையாது. பெடல் கனக்கிறது என்று பூஸ்டர் தேட வேண்டியிருக்கும். அடுத்த வம்பு மாஸ்டர் சிலிண்டர். மைனரில் அது ஓட்டுநரின் காலடியில், சேஸிஸுக்குள் புதைந்து கிடக்கிறது. டிரம்முக்காகக் குழாயில் கொஞ்சம் அழுத்தத்தைப் பிடித்துவைக்கும் வால்வும் அதில் உண்டு. டிஸ்க் போட்டபின் அதை அப்படியே விட்டால் பேட் உரசிக்கொண்டே சுற்றும். எடுத்துவிட்டாலோ, மாஸ்டர் சிலிண்டர் டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பரைவிடத் தாழ இருப்பதால் ஆயில் பின்வாங்கும். முதல் மிதியில் பெடல் ஆழமாகப் போய் இரண்டாம் மிதியில்தான் நிற்கும். இதற்கென்றே குறைந்த அழுத்த வால்வு தனியாக விற்கிறார்கள். மலிவான கிட்டில் அது இருக்கிறதா என்று பார்த்து வாங்குபவர் எத்தனை பேர்?

டிஸ்க் தொடவே தொடாத குறையும் ஒன்று உண்டு. நான்கு சக்கரத்துக்கும் ஒரே ஆயில் இணைப்பு. எங்காவது ஒரு குழாய் விட்டால் நான்கும் போச்சு, கைப்பிரேக் மட்டுமே மிச்சம். முன்பின் சக்கரங்களுக்குத் தனித்தனி இணைப்பு தரும் இரட்டை மாஸ்டர் சிலிண்டர்தான் என் கணக்கில் டிஸ்க்கைவிட முந்திய செலவு. டிஸ்க்குக்கு முன் கவனிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு: முன் சஸ்பென்ஷனின் கீழ்த் திருகு மூட்டான டிரன்னியனுக்குக் கிரீஸ் வைக்காமல் விட்டால் திருகுமரை தேய்ந்து, ஒருநாள் சக்கரமே மடங்கிக்கொள்ளும். பளபளக்கும் காலிப்பருக்குப் பக்கத்திலேயே கிரீஸ் காணாத டிரன்னியன் இருந்தால் அந்த வண்டியில் நான் ஏறமாட்டேன்.

டிரம்மைச் சீராக வைத்திருக்கவும் வேலை உண்டு. ஜாக்கி போட்டுச் சக்கரத்தைத் தூக்கி, டிரம்மின் துளைக்குள் ஸ்க்ரூடிரைவரை விட்டு, ஷூ உரசும்வரை திருகி ஒரு பல் பின்னே விட வேண்டும். முன்சக்கரம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு இடத்தில். இதைச் செய்யச் சோம்பல்படுபவருக்கு, தேய்மானத்தைத் தானே சரிக்கட்டிக்கொள்ளும் டிஸ்க் நிச்சயம் வசதிதான்.

1275 சிசி என்ஜின் மாற்றி மோட்டார்வேயில் ஓடுகிறவர் டிஸ்க் போட்டே ஆக வேண்டும். வேகம் இரட்டித்தால் பிரேக் தின்ன வேண்டிய ஆற்றல் நான்கு மடங்கு. ஞாயிறு மாலை கிராமச் சாலையில் உலாப் போகிறவர் முதலில் டிரம்மைக் கடைசல் பிடித்து, புது லைனிங்கும் வீல் சிலிண்டரும் போட்டு, ஏர் எடுத்து ஓட்டிப் பார்க்கட்டும். அதற்கப்புறமும் பிரேக் போதவில்லை என்றால் கிட் வாங்கலாம்.